இரண்டு நிறப் பின்னல்: முதல் தொப்பியும் அதன் பின்பக்கமும்

கேள்வி இது: நிட், பர்ல் என்ற இரு அடிப்படைக் கண்ணிகளும் கைக்கு வந்துவிட்டன. ஒரே நிறத்தில் மஃப்ளரும் தொப்பியும் பின்னியாயிற்று. இப்போது ஃபேர் ஐல் மாதிரி வண்ணப் பின்னல் செய்ய ஆசை. எந்த நூல், எந்த ஊசி, எதிலிருந்து தொடங்குவது? ஒருமுறை முயன்றபோது துணி சுருங்கிப் பலகை மாதிரி விறைத்துப் போனது ஏன்? பின்னி முடித்ததை மற்ற பின்னல்காரர்களோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது?

விறைத்துப் போனதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் காரணம் புரிந்தால் மற்ற கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

ஃபேர் ஐல் முறையில் ஒரு சுற்றில் இரண்டு நிற நூல்கள் கையில் இருக்கும். ஒன்றால் பின்னும்போது மற்றது துணியின் பின்பக்கம் சும்மா கிடந்து, அடுத்து தன் முறை வரும் இடம்வரை ஓடும். அப்படி ஓடும் துண்டுக்குத்தான் ஃப்ளோட் என்று பெயர். நான்கு கண்ணிகளைத் தாண்ட வேண்டிய ஃப்ளோட்டுக்கு மூன்று கண்ணி அகல நூல்தான் விட்டிருந்தால், அந்த நான்கு கண்ணிகளும் நெருக்கிக்கொண்டு மூன்றின் இடத்துக்குள் வந்துவிடும். ஒரு சுற்றில் இப்படி முப்பது இடம் இருந்தால் தொப்பியே இரண்டு அளவு சிறுத்துவிடும். முன்பக்கம் மேடு பள்ளமாகத் தெரியும், இழுத்தால் நீளாது. இதைப் பிளாக்கிங் (நனைத்து, வடிவம் பார்த்துக் காயவைப்பது) ஓரளவுதான் சரிசெய்யும். கண்ணி வளைந்து கொடுக்கும். நேராகக் கிடக்கும் ஃப்ளோட் வளைந்து கொடுக்காது. அதனால்தான் தொடக்கத்தில் எல்லாரும் முன்பக்கத்தை ரசித்துக்கொண்டே பின்னும்போது, கற்றுக்கொள்கிறவர் ஐந்து சுற்றுக்கு ஒருமுறை பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

திருத்தம் எளிது. நிறம் மாற்றப்போகும் ஒவ்வொரு முறையும், வலது ஊசியில் இப்போது பின்னிய கண்ணிகளை விரலால் பக்கவாட்டில் நன்றாக விரித்துவிடுங்கள். விரித்தபடியே அடுத்த நிறத்தின் முதல் கண்ணியைப் போடுங்கள். ஃப்ளோட்டுக்குத் தேவையான நீளம் தானாகக் கிடைத்துவிடும். நூலை வேண்டுமென்றே தளரவிடுவது சரியான வழி அல்ல. அப்படி விட்டால் ஃப்ளோட்டின் இரு முனையிலும் உள்ள கண்ணிகள் பெருத்து, பல் விழுந்த மாதிரி தெரியும். பின்பக்கத்தில் ஃப்ளோட் தொங்கவும் கூடாது, விறைக்கவும் கூடாது. துணியை லேசாக இழுத்தால் அதுவும் கூடவே நேராக வேண்டும்.

இரட்டை முனை ஊசிகளில் ஒரு ஊசி முடிந்து அடுத்தது தொடங்கும் மூலையில்தான் ஃப்ளோட் அதிகமாக இறுகும். அங்கே நூல் மூலையைச் சுற்றாமல் குறுக்கே ஓடிவிடுவதுதான் காரணம். கை எப்போதும் இறுக்கமாகவே பின்னுகிறது என்றால், துணியின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, ஊசியின் எதிர்ப்பக்க விளிம்பில் பின்னுங்கள். நிட் கண்ணியே போடுகிறீர்கள், வேறெதுவும் மாறுவதில்லை. ஃப்ளோட் இப்போது வட்டத்தின் வெளிச்சுற்றில் ஓடுவதால் சற்றே நீளம் கூடும். கையுறை, சாக்ஸ் போன்ற சிறு வட்டங்களுக்கு இது மிக நல்ல வழி.

நூல்

முதல் முயற்சிக்குக் கம்பளி. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன். நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் உருண்டைகள் பெரும்பாலும் அக்ரிலிக். அது வழுக்கும், பக்கத்துக் கண்ணியைப் பற்றாது, நனைத்துக் காயவைத்தாலும் கண்ணிகள் ஒன்றுக்கொன்று இணங்கி உட்காராது. பருத்திக்கு இழுவையே இல்லை என்பதால் கையின் ஒவ்வொரு சீரின்மையும் அப்படியே நிற்கும். இரண்டு நூல் ஓடுவதால் துணி கனத்தும் போகும். கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் ஃப்ளோட் நகராது, சிறு ஏற்றத்தாழ்வுகள் முதல் அலசலிலேயே மறைந்துவிடும். சூப்பர்வாஷ் என்று எழுதியிருக்கும் கம்பளியில் அந்தச் செதில்களை மழுங்கடித்தோ மூடியோ இருப்பார்கள். தொடுவதற்கு மென்மை, ஆனால் இந்த வேலைக்கு இரண்டாந்தரம்தான்.

இந்த முறை வளர்ந்த இடத்தின் நூலைப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். ஃபேர் ஐல் என்பது ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவில், சுமார் 5 கிலோமீட்டர் நீளமே உள்ள தீவு. 1922-இல் வேல்ஸ் இளவரசர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் ஃபேர் ஐல் ஸ்வெட்டரோடு நின்றபின் அது உலக மோஸ்தர் ஆனது. ஷெட்லாந்து ஆடுகளின் கம்பளியிலேயே வெள்ளை, செம்பழுப்பு, தேன் நிறம், கருஞ்சாம்பல் எனச் சாயமில்லாத நிறங்கள் பல உண்டு. அங்குள்ள ஜேமிசன் அண்ட் ஸ்மித்தின் 2 பிளை ஜம்பர் வெயிட் நூல் 25 கிராம் உருண்டையில் 115 மீட்டர். ஜேமிசன்ஸ் ஆஃப் ஷெட்லாந்தின் ஸ்பின்ட்ரிஃப்ட் 25 கிராமில் 105 மீட்டர். சிறு உருண்டையாக விற்பதே ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம்தான் தேவைப்படும் என்பதால். இவை கிடைக்காவிட்டால் 100 கிராமுக்கு 400 முதல் 460 மீட்டர் வரை ஓடும், சூப்பர்வாஷ் அல்லாத எந்தக் கம்பளியும் போதும். தொட்டால் சற்று முரடாக இருப்பதே இங்கே நல்லது, அலசியபின் மென்மையாகிவிடும்.

சென்னை வெயிலில் இதை யார் போடுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. இரண்டடுக்குத் துணி இது, கதகதப்புக்காகவே பிறந்தது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ டொராண்டோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கோ போகும் பொருளாக நினைத்துப் பின்னுங்கள். சமவெளிக்கு என்றே வேண்டுமானால் பையோ குஷன் உறையோ செய்யலாம், ஆனால் அவற்றுக்கும் கம்பளியையே எடுங்கள்.

நிறம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அழகான இரண்டு நிறங்களை எடுத்துப் பின்னிவிட்டு, மோட்டிஃப், அதாவது பின்னலில் எழ வேண்டிய உருவம், எங்கே என்று தேடுவார்கள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதிரெதிர் நிறங்கள். ஆனால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தி என்றால் பின்னலில் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். உருண்டைகளைச் சேர்த்து வைத்து, செல்போன் கேமராவில் கருப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். ஒன்று வெளுத்தும் மற்றது கறுத்தும் தெரிந்தால் தாராளமாக எடுக்கலாம். வெறும் கண்ணை நம்ப வேண்டாம். நிறத்தின் கவர்ச்சி அடர்த்தியை மறைத்துவிடும்.

ஷெட்லாந்துப் பின்னலில் பத்து நிறங்கள் இருப்பது போலத் தெரிந்தாலும், மரபான முறையில் ஒரு சுற்றில் இரண்டுக்கு மேல் இருக்காது. பின்னணி நிறம் சுற்றுக்குச் சுற்று மெல்ல மாறிக்கொண்டே போகும், மோட்டிஃப் நிறமும் தனியாக மாறும். நடுச் சுற்றில் இரண்டும் மிகக் கூர்மையாக எதிர்த்து நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பும். முதல் தொப்பிக்கு இது வேண்டாம். ஓர் அடர், ஒரு வெளிர், அவ்வளவுதான். வேண்டுமானால் பெரிய மோட்டிஃபின் நடுச் சுற்று ஒன்றில் மட்டும் மூன்றாவது நிறத்தை மோட்டிஃப் நூலுக்குப் பதிலாக வையுங்கள். அந்த ஒரு கோடே தொப்பியை உயிர்ப்பித்துவிடும்.

கேஜ், அதன் பிறகு கணக்கு

10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி, எத்தனை சுற்று வருகிறது என்பதுதான் கேஜ். வட்டமாகப் பின்னப்போவதற்கு, தட்டையாகப் போய்த் திரும்பிப் பின்னிய மாதிரித்துண்டு பொய் சொல்லும். பர்ல் வரிசையில் கை வேறு இறுக்கத்தில் ஓடும். இரண்டு நிறத்தில் பர்ல் போடுவது புதியவருக்கு வீண் தண்டனையும்கூட. அதனால் சர்குலர் ஊசியில் (இரண்டு முனைகளை ஒரு கேபிள் இணைக்கும் ஊசி) 40 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட் போடுங்கள். முடிந்ததும் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, இரண்டு நூலையும் பின்னால் தொளதொளவென்று இழுத்துக்கொண்டுவந்து மறுபடியும் அதே பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இரு ஓரமும் அசிங்கமாக இருக்கும், பொருட்படுத்த வேண்டாம். 10 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் அலசிக் காயவைத்து, நடுவில் மட்டும் அளந்து பாருங்கள்.

மேலே சொன்ன நூலில் 3.25 மில்லிமீட்டர் ஊசிக்குப் பலருக்கு 10 சென்டிமீட்டரில் 28 கண்ணி, 32 சுற்று அளவில் வரும். தலைச் சுற்றளவு 54 முதல் 56 சென்டிமீட்டர் என்றால் தொப்பி 50 சென்டிமீட்டர் இருந்தால் கச்சிதமாகப் பிடிக்கும். 50 சென்டிமீட்டருக்கு 140 கண்ணி. உங்களுக்கு 28-க்குப் பதில் 30 வந்தால் அதே 140 கண்ணி 46.7 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். 26 வந்தால் 53.8 ஆகி, காதுக்கு மேல் நழுவும். இரண்டு கண்ணி வித்தியாசம் தொப்பியையே கெடுக்கும் என்பதால் மாதிரித்துண்டைத் தவிர்க்காதீர்கள். கூடுதலாக வந்தால் ஊசியை 3.5-க்கும், குறைவாக வந்தால் 3-க்கும் மாற்றி மறுபடி அளந்து பாருங்கள்.

140 நல்ல எண். 4, 5, 7, 10, 14, 20 எல்லாம் அதை மீதியின்றி வகுக்கும். 6, 8, 12 வகுக்காது. எட்டுக் கண்ணி மோட்டிஃப் மனதுக்குப் பிடித்துவிட்டால் 136 அல்லது 144-க்குப் போங்கள். மோட்டிஃபை வெட்டிப் பொருத்தாதீர்கள். சுற்று சேரும் இடத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

தொப்பியின் கட்டமைப்பு இப்படி இருக்கட்டும். 2.75 மில்லிமீட்டர் சர்குலர் ஊசியில் பின்னணி நிறத்தில் 120 கண்ணி ஏற்றி, முறுக்கிக்கொள்ளாமல் பார்த்து வட்டமாகச் சேருங்கள். 2 நிட், 2 பர்ல் ரிப் 4 சென்டிமீட்டர். பிறகு 3.25 ஊசிக்கு மாறி, ஒவ்வோர் ஆறு கண்ணிக்கும் ஒன்று கூட்டினால் 20 கூடி 140 ஆகிவிடும். அதன்மேல் 35 சுற்று உடல்: 2 சுற்று வெறும் பின்னணி, 5 சுற்றுச் சிறு மோட்டிஃப், 3 வெறும், 15 பெரிய மோட்டிஃப், 3 வெறும், மறுபடி 5 சிறு மோட்டிஃப், 2 வெறும். உச்சிக்கு 140-ஐ ஏழு பாகமாகப் பிரித்து மார்க்கர் போடுங்கள், பாகத்துக்கு 20. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, ஒவ்வொரு பாகத்திலும் ஓர் இரட்டைக் குறைப்பு: இரண்டு கண்ணிகளைச் சேர்த்து நிட் போடுவது போல வலது ஊசிக்கு நகர்த்தி, அடுத்ததை நிட் போட்டு, நகர்த்திய இரண்டையும் அதன் மேலாகத் தள்ளிவிட வேண்டும். குறைக்கும் சுற்று ஒன்றுக்கு 14 குறையும். ஒன்பது முறை குறைத்தால் 14 கண்ணி மிஞ்சும். நூலை அவற்றில் நுழைத்து இழுத்துக் கட்டினால் முடிந்தது. மொத்த உயரம் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். பின்னணி நிறத்தில் 25 கிராம் உருண்டை இரண்டு, மோட்டிஃப் நிறத்தில் ஒன்று வாங்கினால் போதும்.

ஒரு நுணுக்கம். ஒரே நூலில் பின்னும் பகுதி, இரண்டு நூலில் பின்னும் பகுதியைவிடப் பெரும்பாலும் அகலமாக வரும். உச்சியை முழுக்கப் பின்னணி நிறத்திலேயே முடிப்பதாக இருந்தால் அங்கே ஓர் அளவு சிறிய ஊசிக்கு மாறுங்கள். இல்லையென்றால் மோட்டிஃப் பட்டைக்கு மேலே காளான் மாதிரி உப்பிக்கொள்ளும்.

ஒரு சிறு மோட்டிஃப், அருகில் வைத்து

ஷெட்லாந்தில் இந்தச் சின்னப் பட்டைகளைப் பீரி என்பார்கள். நான்கு கண்ணி, ஐந்து சுற்றில் ஒன்று இதோ. 140-இல் 35 முறை வரும். முதல் சுற்று: 2 வெளிர், 1 அடர், 1 வெளிர். இரண்டாம் சுற்று: 1 வெளிர், 1 அடர், 1 வெளிர், 1 அடர். மூன்றாம் சுற்று: 1 அடர், 3 வெளிர். நான்காவது இரண்டாவதைப் போல, ஐந்தாவது முதலாவதைப் போல. வரிசையாக வைர வடிவங்கள் எழும். எந்த ஃப்ளோட்டும் மூன்று கண்ணியைத் தாண்டாது, அதனால் பின்னால் எதையும் பிடித்துவைக்க வேண்டியதில்லை. சார்ட்டில், அதாவது கட்டம் போட்டு வரைந்த படத்தில், பார்க்கும்போது கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றையும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வட்டப் பின்னலில் திசை மாறுவதே இல்லை.

கிராஸ் ஸ்டிட்ச் சார்ட்டை எடுத்துப் பின்னலாமா என்று பலர் கேட்பார்கள். அங்கே கட்டம் சதுரம். இங்கே 28-க்கு 32 என்பதால் கண்ணி அகலம் கூடி உயரம் குறைந்தது. உருவம் சற்றே நசுங்கும். நட்சத்திரத்துக்கும் வைரத்துக்கும் அது பெரிதாக உறுத்தாது. மயில், யானை என்றால் உறுத்தும். அதைவிட முக்கியம், கிராஸ் ஸ்டிட்ச் சார்ட்டில் ஒரு வரிசையில் நான்கைந்து நிறங்களும் இருபது கட்ட இடைவெளிகளும் இருக்கும். அவை ஃப்ளோட் முறைக்கு ஒத்துவராது. பெரிய தனித்த உருவங்களுக்கு இன்டார்சியா என்ற வேறு முறை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு நிறத் திட்டுக்கும் தனி உருண்டை, பின்னால் நூல் ஓடாது, வட்டமாகப் பின்னவும் தோதுப்படாது.

இரண்டு நூல், இரண்டு கை

வலது கையில் ஒரு நிறம், இடது கையில் ஒரு நிறம் என்று பிடிப்பது புதியவருக்கு நல்லது. வலது நூலைச் சுற்றிப் போடுவது, இடது நூலை ஊசியால் கவ்வி எடுப்பது என இரண்டு அசைவுகள். பழக்கமில்லாத கைக்கு நான்கு மணி நேரமாவது கொடுங்கள். மாதிரித்துண்டு பின்னுவதே அந்தப் பயிற்சி. இரண்டையும் ஒரே கையில் இரு விரலில் பிடிப்பவர்களும் உண்டு, நார்வேக்காரர்கள் விரலில் மாட்டும் சுருள் வளையமும் வைத்திருக்கிறார்கள். ஷெட்லாந்தில் இடுப்பில் ஒரு தோல் பெல்ட் கட்டி, அதிலுள்ள துளைகள் நிறைந்த திண்டில் வலது ஊசியின் முனையைக் குத்தி நிறுத்திவிடுவார்கள். ஊசியைத் தாங்கும் வேலை இல்லாததால் விரல்கள் நூலை மட்டுமே பார்த்துக்கொள்ளும். அவர்களின் வேகத்துக்கு அதுவும் காரணம்.

எப்படிப் பிடித்தாலும் ஒரு விதி. பின்பக்கத்தில் எந்த நூல் கீழாக ஓடுகிறதோ, எது மேலாக ஓடுகிறதோ, அதை வேலை முடியும்வரை மாற்றக் கூடாது. கீழே ஓடும் நூல் கண்ணிக்கு வர சற்றுக் கூடுதல் தூரம் பயணிக்கிறது, அதனால் அதன் கண்ணிகள் கொஞ்சம் பெரிதாகி முன்னுக்குத் தெரியும். மோட்டிஃப் நிறம்தான் கீழே ஓட வேண்டும். இரு கை முறையில் இடது கை நூல் இயல்பாகவே கீழே வரும், ஆகவே மோட்டிஃப் நூல் இடது கைக்கு. டீ குடிக்க எழுந்து, திரும்பி வந்து கை மாற்றிப் பிடித்தால் அந்தச் சுற்றிலிருந்து மோட்டிஃப் மங்கிவிடும். தூர நின்று பார்த்தால் கோடு கிழித்தது போல் தெரியும். இந்த விதியைக் கடைப்பிடித்தால் இரண்டு நூலும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதும் நின்றுவிடும். ஓர் உருண்டை இடப்பக்கம், மற்றது வலப்பக்கம்.

நீளமான ஃப்ளோட்டை எப்போது பிடித்துவைப்பது? முரட்டுக் கம்பளியில் ஏழு கண்ணிவரை விட்டுவிடலாம், அது இரண்டரை சென்டிமீட்டர்தான். போட்டுப் போட்டு அதுவே பின்துணியோடு ஒட்டிக்கொள்ளும். வழுக்கும் நூலில் ஐந்து. விரல் நுழையும் கையுறையில் நான்கு. அதற்கு மேல் போனால் நடுவில் ஒரு கண்ணியின்போது சும்மா ஓடும் நூலை வேலை செய்யும் நூலின் மேல் தூக்கிப் போட்டுப் பின்னி, அடுத்த கண்ணிக்கு மறுபடி கீழே இறக்கிவிடுங்கள். அடுத்த சுற்றில் அதே இடத்துக்கு நேர் மேலே பிடிக்காதீர்கள், இரண்டு கண்ணி தள்ளிப் பிடியுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் அங்கே ஒரு பள்ளக் கோடு விழும், அடர் நூல் வெளிர் கண்ணிகளின் இடுக்கில் எட்டிப் பார்க்கும். பாதுகாப்புக்கென்று ஒவ்வொரு கண்ணியிலும் பிடித்துவைப்பவர்கள் உண்டு. துணி தடித்து இழுவை போய்விடும், செய்யாதீர்கள்.

ஒரு கண்ணி நிறம் மாறி விழுந்துவிட்டது, பத்துச் சுற்றுக்குப் பிறகு கண்ணில் படுகிறது. பிரிக்க வேண்டாம். சரியான நிற நூலைத் தையலூசியில் கோத்து அந்தக் கண்ணியின் வழியையே பின்பற்றி மேலே ஓட்டிவிடுங்கள், டூப்ளிகேட் ஸ்டிட்ச் என்பது இதுதான். மூன்று சுற்றுக்குள் கண்டுபிடித்தால் அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் கீழே அவிழ்த்து, பின்னால் ஓடும் சரியான நிற ஃப்ளோட்டைக் குரோஷே ஊசியால் முன்னுக்கு இழுத்து ஏற்றிவிடலாம். வட்டப் பின்னலில் சுற்று தொடங்கும் இடத்தில் மோட்டிஃப் ஒரு படி ஏறித்தான் தெரியும். அது சுருள் ஏணி என்பதால் தவிர்க்க முடியாது. அந்த இடத்தைத் தலையின் பின்பக்கம் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அலசுவது

ஊசியிலிருந்து இறக்கிய வண்ணப் பின்னல் பாதி வேலைதான். முதலில் ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தி, சாயம் விடுகிறதா பாருங்கள். சிவப்பும் கருநீலமும் சந்தேகத்துக்குரியவை. சாயம் விட்டால் குளிர்ந்த நீர், குறைந்த நேரம், ஊறவைக்க வேண்டாம். விடாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் கம்பளிக்கான திரவம் சில துளி விட்டு 20 நிமிடம் ஊறட்டும். தேய்க்காதீர்கள், பிழியாதீர்கள், சூடும் குளிருமாக மாற்றாதீர்கள். இவை சேர்ந்தால் கம்பளி கட்டிதட்டிவிடும். துவாலையில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, ஊதிய பலூன் மேல் போட்டு நிழலில் காயவிடுங்கள். பலூன் தலையின் அளவுக்கு இருக்க வேண்டும், ரிப் பகுதியை நீட்டிவிடக் கூடாது. காய்ந்தபின் கண்ணிகள் ஒன்றோடொன்று படிந்து வழுவழுவென்று ஆகியிருப்பதைப் பார்த்தால், ஏன் கம்பளியே என்று பிடிவாதம் பிடித்தேன் என்பது விளங்கும்.

பகிர்ந்துகொள்வது

சக பின்னல்காரர்களுக்கு முன்பக்கப் படம் மட்டும் காட்டினால் "அழகு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் உங்களுக்கும் லாபமில்லை, அவர்களுக்கும் இல்லை. பின்பக்கத்தையும் எடுத்துக் காட்டுங்கள். அனுபவமுள்ள ஒருவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் எந்த இடத்தில் இறுகியது, எங்கே நூல் கை மாறியது என்று சொல்லிவிடுவார். இன்னொன்று: முடித்தபின் காட்டுவதைவிட ஊசியில் இருக்கும்போதே, பத்துச் சுற்று முடிந்த கட்டத்தில் காட்டுவது மேல். அப்போது சொல்லப்படும் திருத்தத்துக்கு வேலை இருக்கிறது.

படத்தைக் காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் கண்ணிகளின் நிழல் போய் எல்லாம் தட்டையாகிவிடும். கூடவே எழுத வேண்டியவை: நூலின் பெயரும் நிற எண்ணும், ஊசி அளவு, அலசுவதற்கு முன்னும் பின்னும் கேஜ், ஏற்றிய கண்ணிகள், எங்கே என்ன மாற்றினீர்கள், எத்தனை கிராம் செலவானது. சமையலறைத் தராசில் மிச்ச உருண்டையை எடைபோட்டால் கடைசி விவரம் கிடைத்துவிடும். அடுத்து அதே நூலில் பின்னுகிறவருக்கு நூறு பாராட்டைவிட இது உதவும். 2007-இல் தொடங்கிய, பின்னல்காரர்களுக்கான ராவெல்ரி இணையதளத்தின் பெரிய பலமே, பின்னியவர்கள் இப்படி எழுதிவைத்த குறிப்புகள்தான்.

வடிவமைத்தவரின் பெயரைச் சொல்லுங்கள். விலைகொடுத்து வாங்கிய பேட்டர்னின் சார்ட் தெரியும்படி படம் எடுத்துப் போடக் கூடாது. அதன் விற்பனைதான் அவர் பிழைப்பு. வைரம், சிலுவை, எண்முக நட்சத்திரம் போன்ற மரபு மோட்டிஃப்கள் எவருக்கும் தனிச் சொத்து அல்ல, ஆனால் அவற்றை ஒருவர் அடுக்கி வரைந்த சார்ட் அவருடையது. பிறப்பிடத்தையும் சரியாகச் சொல்லுங்கள். கழுத்தைச் சுற்றி வட்டமாக மோட்டிஃப் ஓடுவது ஐஸ்லாந்தின் லோபாபேய்சா. எட்டிதழ் ரோஜாவோடு கருப்பு வெள்ளையில் வருவது நார்வேயின் செல்பு கையுறை. 1857-இல் மாரிட் என்ற இளம்பெண் முதன்முதலில் பின்னியதாக அந்த ஊரில் சொல்வார்கள். நம் நாட்டிலேயே இமாசலத்தின் லாஹௌல் பெண்கள் பல நிறத்தில் பின்னும் சாக்ஸும் கையுறையும் பெயர்பெற்றவை. எல்லாவற்றையும் ஃபேர் ஐல் என்று ஒரே பையில் போடுவது அந்தந்த ஊர்க் கைகளுக்குச் செய்யும் அநீதி.

குழுவாகச் செய்வதற்கு நல்ல முன்மாதிரி ஷெட்லாந்திலேயே இருக்கிறது. 2010 முதல் நடக்கும் ஷெட்லாந்து கம்பளி வாரத்துக்காக ஆண்டுதோறும் ஒரு தொப்பிப் பேட்டர்ன் வெளியிடுகிறார்கள். உலகெங்கும் உள்ளவர்கள் அதைத் தத்தம் நிறத்தில் பின்னிப் போட்டுக்கொண்டு செப்டம்பர் கடைசியில் அங்கே போய்ச் சேர்கிறார்கள். நான்கைந்து பேர் இருந்தாலே நீங்களும் செய்யலாம்: சார்ட் ஒன்று, நிறம் அவரவர் விருப்பம். ஒரே மோட்டிஃப் அடர் பின்னணியிலும் வெளிர் பின்னணியிலும் எப்படி மாறுகிறது என்பதை அருகருகே வைத்துப் பார்ப்பது போன்ற நிறப் பாடம் வேறில்லை. மிச்சமாகும் பத்துப் பதினைந்து கிராம் நூலை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டால், பல நிறம் தேவைப்படும் அடுத்த வேலைக்குச் செலவே இல்லை. வெளியிலிருந்து வரும் கம்பளியை மட்டும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்து ஒரு நாள் விட்டு, மறுபடி மூன்று நாள் வையுங்கள். அந்துப்பூச்சியின் முட்டை ஒன்று உள்ளே வந்தால் உங்கள் மொத்த இருப்பும் போய்விடும். பரிசாகக் கொடுப்பதானால் எந்த இழை, எப்படி அலசுவது என்று ஒரு சீட்டு எழுதி வைத்துக் கொடுங்கள். வாஷிங் மெஷினில் போன கம்பளித் தொப்பி பொம்மைக்குத்தான் ஆகும்.

தொப்பிக்குப் பிறகு எதற்குப் போவது? கழுத்துக்கு ஒரு குழாய் மாதிரி கவுல், பிறகு கையுறை, பிறகு தோள்பகுதியை வட்டமாகப் பின்னும் ஸ்வெட்டர். அதற்குப் பின்தான் முன்பக்கம் திறக்கும் கார்டிகன். ஷெட்லாந்து முறையில் கார்டிகனையும் குழாயாகவே பின்னி, திறப்பு வர வேண்டிய இடத்தில் 8 முதல் 10 கண்ணி கூடுதலாக வைத்து, கடைசியில் கத்தரியால் வெட்டுவார்கள். ஸ்டீக் என்பது அதுதான். வெட்டினால் அவிழ்ந்துவிடாதா என்ற பயம் எல்லாருக்கும் வரும். செதிலுள்ள கம்பளியில் கண்ணிகள் பக்கவாட்டில் அவிழ்வதில்லை. சூப்பர்வாஷில் அவிழும், ஆகவே அதில் மெஷின் தையல் இல்லாமல் வெட்டாதீர்கள். நேராக ஸ்வெட்டரில் கை வைக்காமல், 80 கண்ணியில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு குழாய் பின்னி, அதில் 8 கண்ணியை அடர், வெளிர் என மாறி மாறிக் கோடாகப் போட்டு, அலசிக் காயவைத்து, நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் ஏணிப்படி போல உள்ள குறுக்கு நூல்களை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டிப் பாருங்கள். வெட்டிய ஓரத்தைக் கையால் இழுத்துப் பார்த்து, பிறகு உள்ளே மடித்து மெல்லிய நூலால் ஃப்ளோட்டுகளோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.